பால் டேங்கரில் விழுந்த மீன்கண்கள்

போன மாதம் பிரீத்தி போன் செய்தாள். கலிஃபோர்னியாவில், ஹேவர்டில் நான் வேலை பார்த்த மாடல் ஷாப்பில், நான் ஓய்வு பெற்ற பிறகு என் நாற்காலிக்கு வந்த பெண் அவள்.

"ஆன்ட்டி, ஒரு டவுட். குரோம் சூப்பரா வந்துச்சு. ப்ரொடெக்ட் பண்ணலாம்னு மேல கிளியர் கோட் அடிச்சேன். மொத்தமும் அலுமினிய டிபன் பாக்ஸ் மாதிரி ஆயிடுச்சு. என்ன தப்பு பண்ணேன்?"

"கிளியர் அடிச்சதுதாம்மா தப்பு."

"அப்போ குரோமை எப்படித்தான் காப்பாத்தறது?"

"தொடாம இருக்கணும். மத்தவங்களையும் தொட விடாம இருக்கணும். அவ்வளவுதான்."

அவள் சிரித்தாள். இதையெல்லாம் எழுதி வைக்கக் கூடாதா என்று கேட்டாள். எழுதலாம்தான். ஆனால் குரோம் என்கிற அந்தக் கண்ணாடிப் பளபளப்புப் பெயிண்ட்டைப் பற்றி எழுத உட்கார்ந்தாலே எனக்கு ஒரு பால் வண்டியும் ஒரு தீபாவளி வாரமும்தான் ஞாபகத்துக்கு வருகின்றன. அதைச் சொல்லாமல் மற்றதைச் சொல்வது நேர்மையாக இருக்காது. தப்பு செய்தது நான். இருபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது, இனிமேல் யாரும் என்னை வேலையை விட்டுத் தூக்க முடியாது.

மாடல் ஷாப் என்றால் பொம்மைக் கடை என்று நினைத்துக்கொள்வார்கள். என் மாமியார் கடைசி வரை அப்படித்தான் நினைத்திருந்தார். கம்பெனிகளின் முன்கூடத்திலும் கண்காட்சிகளிலும் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு லாரியோ, ராக்கெட்டோ, தொழிற்சாலையோ சின்னதாக நிற்கிறதே, அதைச் செய்வதுதான் எங்கள் வேலை. நாற்பதடி நீளமுள்ளது இரண்டரை அடியாகும். அளவு மட்டும்தான் குறைய வேண்டும், வேறு எதுவும் குறையக் கூடாது.

நான் அங்கே போய்ச் சேர்ந்தபோது எனக்கு நாற்பத்தொரு வயது. விருதுநகரில் எண்ணெய் வியாபாரம் செய்யும் வீட்டில் பிறந்து, வேதியியலில் ஒரு பி.எஸ்ஸி. வாங்கி, கல்யாணமாகி, கணவரின் சாஃப்ட்வேர் வேலையோடு லிவர்மோருக்கு வந்தவள். கிரீன் கார்டு வந்ததும் வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்கவில்லை. செய்தித்தாளில் 'நடுங்காத கை தேவை' என்று ஒரு விளம்பரம் வந்தது. என் கை நடுங்காது, வாய்தான் நடுங்கும். முதல் ஆறு மாதம் மாஸ்கிங் டேப் வெட்டினேன். அடுத்த ஒரு வருடம் உப்புத்தாள் தேய்த்தேன். அதன் பிறகு பெயிண்ட் ரூமுக்குள் விட்டார்கள். பயிற்சி பற்றிச் சொல்ல அவ்வளவுதான் இருக்கிறது.

பெயிண்ட் ரூமுக்குத் தலைமை தணிகாசலம். பெரம்பூர்க்காரர். என்னைவிட ஏழு வயது சின்னவர். டிசைன் வேலைக்கென்று வந்து, பெயிண்ட் வாசனை பிடித்துப்போய் அங்கேயே தங்கிவிட்டவர். முதலாளி வால்ட்டர் அவரை 'டானி' என்பார். அவர் என்னை 'அக்கா' என்பார். நான் அவரைத் 'தம்பி' என்பேன். மேலதிகாரியைத் தம்பி என்று கூப்பிடும் ஒரே தொழிலாளி கலிஃபோர்னியாவிலேயே நானாகத்தான் இருப்பேன்.

அவர் எதையும் நன்றாக இருக்கிறது என்று சொல்லமாட்டார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார். குரோம் அடித்து முடித்ததும், டிராயரிலிருந்து ஒரு பழைய தமிழ் வாரப் பத்திரிகையை எடுப்பார். அட்டை கிழிந்து, ஓரமெல்லாம் பெயிண்ட் படிந்த பத்திரிகை. அதன் துணுக்குப் பக்கத்தை குரோமுக்கு எதிரே பிடித்து, உள்ளே திரும்பித் தெரியும் எழுத்துகளைப் படிப்பார். வலமிடமாகப் புரண்ட தமிழைத் தடங்கல் இல்லாமல் படிக்க அவருக்குப் பழகியிருந்தது. ஜோக் முழுவதையும் படித்துச் சிரித்தாரென்றால் குரோம் பாஸ். நடுவில் ஓர் எழுத்து கலங்கிப் படிக்க முடியாமல் போனால், "இங்க புள்ளியா, சுழியா தெரியலக்கா" என்பார். திருப்பி உரிக்க வேண்டும். அந்தப் பக்கத்தில் ஐந்து ஜோக்குகள்தான் இருந்தன. ஐந்துமே எங்களுக்கு மனப்பாடம். ஆனாலும் அவர் மனப்பாடமாகச் சொல்லமாட்டார், படித்துத்தான் சொல்வார்.

குரோமை நேராக அடிக்க முடியாது, அதற்கு முன்னால் கறுப்பு வேண்டும். சாதாரணக் கறுப்பு போதாது. பிளாஸ்டிக்கைத் தண்ணீர் விட்டு உப்புத்தாளால் தேய்த்து, பாத்திரம் கழுவும் சோப்பால் கழுவி, ஆல்கஹாலால் துடைத்து, அதன்மேல் பளபளப்புக் கறுப்பை, காற்றழுத்தத்தில் பெயிண்ட்டைத் தூவும் ஏர்பிரஷால் அடித்து, இரண்டு நாள் மூடி வைக்க வேண்டும். பிறகு டியூப்லைட்டுக்குக் கீழே பிடித்துப் பார்த்தால் விளக்கின் ஓரம் கோடு கிழித்த மாதிரி நேராகத் தெரிய வேண்டும். கிணற்றுக்குள் எட்டிப் பார்ப்பது போலிருக்கும். எனக்கு வேலையிலேயே மிகவும் பிடித்தது குரோம்கூட இல்லை, இந்தக் கறுப்புதான். அதைப் பார்த்துக்கொண்டே நின்றால் நேரம் போவது தெரியாது. வெளியே மலைமேலிருந்து மூடுபனி இறங்குவதும், உள்ளே மின்விசிறி இழுக்கும் சத்தமும், கையில் அந்த ஆழமான கறுப்பும். சில நாள் நான் எங்கே இருக்கிறேன் என்பதே மறந்துபோகும்.

அதன்மேல் குரோம். காற்றின் அழுத்தம் கார் டயரில் இருப்பதில் பாதிகூட இருக்கக் கூடாது. நான்கு விரல் தூரத்தில் பிடித்து, அடிக்கிறோமா இல்லையா என்று சந்தேகம் வரும் அளவுக்கு மெல்லியதாக அடிக்க வேண்டும். முதல் தடவையில் அழுக்கு மாதிரி இருக்கும். இரண்டாவதில் புகை. மூன்று, நான்கு என்று போகும்போது ஒன்றுமே நடக்காது, மனம் தளரும். பிறகு, எந்த நொடியில் என்று சொல்ல முடியாது, அந்தப் புகைக்குள்ளிருந்து அறை முழுவதும் எழுந்து வரும். விளக்கு, கதவு, சுவர்க் கடிகாரம், என் மூக்குக் கண்ணாடி எல்லாம் வரும். உடனே கையை எடுத்துவிட வேண்டும். ஆசைப்பட்டு இன்னொரு தடவை அடித்தால் வெளிறிப்போகும். நான் எத்தனை முறை பார்த்திருந்தாலும் அந்த நொடியில் எனக்கு நெஞ்சு அடைக்கும். வயசான காலத்தில் இதற்குப் போய் நெஞ்சடைப்பா என்று என்னையே கேலி செய்துகொள்வேன்.

வந்த பிறகு அதைக் காப்பாற்றுவது தனி வேலை. கிளியர் அடித்தால் அதிலுள்ள தின்னர், படிந்திருக்கும் உலோகத் துகள்களைக் கலைத்துவிடும், பளபளப்பு போய்விடும். ஸ்பாஞ்சில் சுற்றினால் ஸ்பாஞ்சின் அச்சு விழும். விரல் பட்டால் ரேகை தங்கிவிடும். அதனால் வெள்ளைப் பருத்தி கிளவுஸ் போட்டுத்தான் எதையும் தொடுவோம். ஆளுக்கு வாரம் ஒரு ஜோடி. திங்கட்கிழமை காலையில் புதுசு எடுத்து, மணிக்கட்டில் பேனாவால் பெயர் எழுதி, மாலையில் ஆணியில் மாட்டிவிட்டுப் போவோம். நான் 'மீ' என்று எழுதுவேன்.

என் பெயர் மீனாட்சி. அதில் ஒரு வேடிக்கை உண்டு. கறுப்பு அடிக்கும்போது துளி எண்ணெய் எங்காவது இருந்தால் பெயிண்ட் அந்த இடத்தில் ஒட்டாமல் விலகும். சின்னதாக வட்டக் குழி விழும், நடுவில் ஒரு புள்ளி முழிக்கும். உலகம் முழுக்க அதற்கு மீன்கண் என்றுதான் பெயர். நான் சேர்ந்த வாரத்திலேயே தணிகாசலம் ஆரம்பித்துவிட்டார்.

"உங்க பேரைத்தான்க்கா டிஃபெக்ட்டுக்கு வெச்சிருக்கானுங்க. நீங்க பெயிண்ட் ரூமுக்கு வரலாமா, வேணாமான்னே தெரியல."

"அப்ப மதுரைக்கே யாரும் பெயிண்ட் அடிக்க முடியாது, தம்பி," என்றேன்.

பால் டேங்கர் வந்தது தொண்ணூற்றெட்டில். மொடெஸ்டோ பக்கத்தில் ஒரு பால் கம்பெனி, தங்கள் முன்கூடத்தில் வைக்க ஸ்டெயின்லெஸ் டேங்கர் லாரியின் மாடல் கேட்டிருந்தது. இரண்டரை அடி நீளத்துக்கு ஒரே உருளை. மூட்டு கிடையாது, ஒளித்துக்கொள்ள ஒரு மூலை கிடையாது, முழுதும் கண்ணாடியாக வர வேண்டும். அத்தனை பெரிய குரோமை எங்கள் கடையில் அதுவரை யாரும் அடித்ததில்லை. அடுத்த வாரம் புதன்கிழமை கொடுத்தாக வேண்டும்.

அந்த வருடம் தீபாவளி திங்கட்கிழமை வந்தது. அமெரிக்காவில் தீபாவளிக்கு ஏது லீவு? விடிவதற்குள் எழுந்து, வீட்டில் எல்லோர் தலையிலும் நல்லெண்ணெய் வைத்து, நானும் தேய்த்துக் குளித்தேன். எண்ணெய் வீட்டுப் பெண்ணுக்குக் கையளவு தெரியாது. தாராளமாக வைப்பதுதான் வழக்கம். சீயக்காய் போட்டு அலசினேன். அவசரத்தில் எவ்வளவு போயிற்றோ. ஈரத் தலையைப் பின்னிக்கொண்டு, டப்பாவில் கொஞ்சம் லேகியம் எடுத்துக்கொண்டு, மலை தாண்டி ஹேவர்டுக்கு ஓட்டினேன்.

லேகியத்தைத் தணிகாசலத்திடம் கொடுத்தேன். "தேங்க்ஸ்க்கா" என்று வாங்கி மேஜையில் வைத்துக்கொண்டார், வாயில் போடவில்லை. அவர் மனம் அங்கே இல்லை. ஏனென்று எனக்குத் தெரியும். அவருக்கு கிரீன் கார்டு ஸ்பான்சர் செய்திருந்தது வால்ட்டர்தான். ஐந்து வருடக் காத்திருப்பு முடிகிற கட்டம். இந்த வேலை இன்னும் இருக்கிறது, இந்த ஆள் இன்னும் வேண்டும் என்று வால்ட்டர் ஒரு கடிதத்தில் கையெழுத்துப் போட வேண்டும். லாயர் அடுத்த வாரம் அதைக் கேட்டிருந்தார். அது கைக்கு வரும் வரை மனைவி செல்வியும் மூன்றாம் வகுப்புப் படிக்கும் மகளும் அவரும் ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்தார்கள்.

அன்று நான் டேங்கரைத் துடைத்து ஸ்டாண்டில் ஏற்றினேன். ஸ்டாண்டில் ஏற்றியதும், கிளவுஸ் போட்ட உள்ளங்கையால் முழு நீளத்துக்கும் ஒரு தடவை தடவிவிடுவது என் பழக்கம். தூசி கடைசியாக ஒன்றிரண்டு இருந்தால் வந்துவிடும். தணிகாசலம் கறுப்பு அடித்தார். மறு நிமிடமே மீன்கண்கள் முழித்தன. ஒன்று, இரண்டு அல்ல. வயிற்றுப் பக்கம் முழுவதும்.

செவ்வாய்க்கிழமை நான் அத்தனையையும் தேய்த்து எடுத்தேன், கழுவினேன், துடைத்தேன், ஏற்றினேன், உள்ளங்கையால் தடவினேன். அவர் அடித்தார். மறுபடி மீன்கண். புதன்கிழமை, ஏர்பிரஷுக்குக் காற்று தரும் கம்ப்ரஸரைப் பிரித்தார். அதில் காற்றோடு எண்ணெய் வந்தாலும் இப்படி ஆகும். குழாய்களைக் கழற்றி, வடிகட்டியை மாற்றி, தரையில் உட்கார்ந்து நட்டு நட்டாகத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் நின்று துணி எடுத்துக் கொடுத்தேன். வியாழக்கிழமை புது வடிகட்டியோடு அடித்தார். மீன்கண்.

மத்தியானம் வால்ட்டர் வந்து பார்த்தார். கெட்ட மனிதர் இல்லை. குரலை உயர்த்தவும் இல்லை. நாளைக் காலை வேலை சரியாக வரவில்லையென்றால் டேங்கரை லாஸ் ஏஞ்சலஸில் ஒரு கடைக்கு அனுப்பிவிடுவதாகச் சொன்னார். இனிமேல் பெயிண்ட் வேலை எல்லாவற்றையும் வெளியிலேயே கொடுத்துவிடலாமா என்றும் யோசிப்பதாகச் சொன்னார். பெயிண்ட் ரூம் இல்லையென்றால் தணிகாசலத்தின் வேலை இல்லை. வேலை இல்லையென்றால் கடிதம் இல்லை. அதை அவர் வாயால் சொல்லவில்லை. மூன்று பேருக்கும் புரிந்தது.

வீட்டுக்கு வந்து, மனது சரியில்லாததால் துணி துவைக்க உட்கார்ந்தேன். எனக்கு அதுதான் வைத்தியம். தலையணை உறையை எடுத்தபோது நடுவில் வட்டமாக, மஞ்சளாக ஒரு கறை. மோந்து பார்த்தேன். நல்லெண்ணெய்.

அப்படியே உட்கார்ந்துவிட்டேன். திங்கட்கிழமை முழுவதும் ஈரப் பின்னல் தோள்வழியாக முன்னால் விழுந்துகொண்டே இருந்தது. கிளவுஸ் போட்ட கையால் நான் அதைப் பின்னால் தள்ளிக்கொண்டே இருந்தேன். அந்தக் கையாலேயே டேங்கரைத் தடவினேன். செவ்வாய்க்கிழமை தலைக்கு ஷாம்பு போட்டுக் குளித்துவிட்டேன். கிளவுஸ் குளிக்கவில்லையே! அது ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. தினமும் அதைத்தான் போட்டேன். விரல்ரேகை படக் கூடாதென்று போடுகிற கிளவுஸாலேயே நான்கு நாளாக டேங்கருக்கு எண்ணெய்க் குளியல் நடத்தியிருக்கிறேன். அந்த மனிதர் தரையில் உட்கார்ந்து கம்ப்ரஸரைத் துடைத்தபோது நான் பக்கத்தில் நின்று பரிதாபப்பட்டிருக்கிறேன்!

போன் செய்தேன். செல்விதான் எடுத்தாள்.

"இன்னும் வரலக்கா. சாப்பிடக்கூட வரல. பாப்பா வேற, நாம இந்தியா போயிடுவோமான்னு கேட்டுக்கிட்டே இருக்கா. ஏன்க்கா, எதாச்சும் ப்ராப்ளமா? அவர் எங்கிட்ட ஒண்ணுமே சொல்ல மாட்டேங்கறாரு."

என் வாய் நடுங்கும் என்று சொன்னேன் அல்லவா? ரசப்பொடிக்கு மல்லி எவ்வளவு போடுவாய் என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். எனக்கு ரசப்பொடி அரைக்கத் தெரியாதா? அந்தப் பெண் கவலையோடு ஐந்து நிமிடம் அளவு சொன்னாள். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

வெள்ளிக்கிழமை காலை மலைமேல் மூடுபனி இறங்கியிருந்தது. முன்னால் போகும் கார்களின் சிவப்பு விளக்கு மட்டும்தான் தெரிந்தது. நான் இங்கிலீஷில் ஒத்திகை பார்த்துக்கொண்டே ஓட்டினேன். தலையில் எண்ணெய் தேய்த்துக்கொண்டேன் என்பதை எப்படிச் சொன்னாலும் பைத்தியக்காரத்தனமாக இருந்தது. பனிக்குள் சாலை எங்கே திரும்புகிறது என்று தெரியவில்லை. இப்படியே இந்தப் பனி முடியாமல் இருந்துவிட்டால் தேவலை என்று தோன்றியது. முடிந்துவிட்டது. கடை வந்துவிட்டது.

நேராக வால்ட்டர் அறைக்குப் போனேன். கம்ப்ரஸரில் குற்றமில்லை, டானி மேல் குற்றமில்லை, என் தலைமுடியிலிருந்த எண்ணெய் கிளவுஸில் ஏறி அதிலிருந்து டேங்கருக்குப் போயிருக்கிறது, நான்தான் காரணம், என்னை அனுப்பிவிடுங்கள் என்று மூச்சு விடாமல் சொன்னேன்.

அவர் என் தலையைப் பார்த்தார். பிறகு தணிகாசலத்தைக் கூப்பிட்டார். மீனா இப்படிச் சொல்கிறாளே, நிஜமா என்று கேட்டார்.

"நோ," என்றார் தணிகாசலம். வடிகட்டியில்தான் கோளாறு இருந்தது என்றும், நேற்று மாலையே வேறு போட்டுவிட்டதாகவும், இன்றைக்குச் சரியாக வரும் என்றும் நிதானமாக இங்கிலீஷில் சொன்னார். சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பி, முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல் தமிழில் சொன்னார்.

"அக்கா, ஒரே ஒரு நாள் வாய மூடிக்கிட்டு இருக்க முடியாதா உங்களால?"

"நான் பண்ண தப்புக்கு நீங்க ஏன் தம்பி பலியாகணும்?"

"யாரு பலியாகறாங்க இப்போ? கம்முனு இருங்கக்கா, ப்ளீஸ்."

எனக்காகத்தான் தன்மேல் போட்டுக்கொள்கிறார் என்று புரிந்துகொண்டு, நான் இன்னும் பலமாக என்மேல் போட்டுக்கொண்டேன். அவர் மறுத்தார். வால்ட்டர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். நாற்பது வருட முதலாளி வாழ்க்கையில், நான்தான் தப்பு செய்தேன் என்று இரண்டு பேர் சண்டை போட்டு அவர் பார்த்திருக்கமாட்டார். வாயை நம்பும் ஆள் அல்ல அவர், கண்ணைத்தான் நம்புவார். பெயிண்ட் ரூமுக்கு நடந்தார்.

நாங்கள் பெயிண்ட்டைச் சோதித்துப் பார்க்க வெள்ளை பிளாஸ்டிக் ஸ்பூன் வைத்திருப்போம். வால்ட்டர் இரண்டு ஸ்பூன்களை எடுத்தார். ஒன்றை ஆல்கஹாலால் துடைத்து வைத்தார். ஆணியிலிருந்து என் கிளவுஸைத் தானே எடுத்து, இன்னொன்றின் முதுகில் அழுத்தித் தேய்த்தார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நிற்க வைத்து, அடிக்கச் சொன்னார்.

தணிகாசலம் அடித்தார். மீன்கண் வருவதென்றால் ஒரு நிமிடத்தில் வந்துவிடும். வால்ட்டர் பத்து நிமிடம் நிற்கலாம் என்றார். கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

எத்தனையோ வருடம் பெயிண்ட் நன்றாக வர வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருக்கிறேன். அன்று ஒரு நாள்தான் கெட்டுப்போக வேண்டும் என்று வேண்டினேன். என் ஸ்பூன் முழித்துப் பார்த்தால் குற்றம் என்மேல் வரும், அவர் பிழைப்பார். இரண்டுமே முழித்தால் அவர் கதை முடிந்தது. இரண்டு ஸ்பூன்களின் முதுகுகளும் ஈரக் கறுப்பாக, மெதுவாக அடங்கிக்கொண்டிருந்தன. மின்விசிறி இழுத்துக்கொண்டிருந்தது. சாகும்போதும் இப்படித்தான் நேரம் போகுமோ என்று நினைத்தேன். மீனாட்சி, கண்ணைத் திற, திற என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன், அம்மனைச் சொன்னேனா ஸ்பூனைச் சொன்னேனா என்று எனக்கே தெரியாது.

பத்து நிமிடம் ஆயிற்று. இரண்டு ஸ்பூன்களிலும் டியூப்லைட் நேர்க்கோடாகத் தெரிந்தது. ஒரு புள்ளி கிடையாது.

என் ஸ்பூன் சுத்தமாக இருக்கிறதே! அப்படியானால் நான் நிரபராதி, அவர்தான் குற்றவாளி என்று ஆகிவிட்டதே! வால்ட்டர் இரண்டையும் கையில் எடுத்து, ஜன்னல் பக்கம் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இதில் குறையென்று ஒன்றுமே இல்லையே, பிறகு எதற்காக என் காலை நேரத்தை வீணாக்குகிறீர்கள், போய் டேங்கரை அடியுங்கள் என்று சொல்லிவிட்டு, கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு போய்விட்டார்.

மேஜைமேல் கிடந்த கிளவுஸை நான் எடுத்தேன். புதுசை விட வெள்ளையாக இருந்தது. மணிக்கட்டில் நான் எழுதிய 'மீ' கரைந்து, நீலமாக ஒரு தடம் மட்டும் இருந்தது. பாத்திரம் கழுவும் சோப்பு வாசனை அடித்தது.

நான் தணிகாசலத்தைப் பார்த்தேன். அவர் டேங்கரைத் துடைத்துக்கொண்டிருந்தார். "உங்க டயலாக் எல்லாம் முடிஞ்சுதுன்னா, கொஞ்சம் ஸ்டாண்டைப் பிடிங்கக்கா," என்றார்.

கறுப்பு அன்று ஒரே தடவையில் வந்தது. சனி, ஞாயிறு மூடி வைத்தோம். திங்கட்கிழமை குரோமை அவரே அடிப்பார் என்று நினைத்துக் கலந்து கொடுத்தேன். ஏர்பிரஷை என் பக்கம் நீட்டினார். "நீங்க அடிங்க" என்றார். அவ்வளவு பெரிய உருளைக்கு நான் அடித்ததே இல்லை. ஒரு முனையிலிருந்து மறு முனை வரை, மூச்சையும் கையையும் ஒன்றாக நடத்திக்கொண்டு போனேன். அழுக்கு வந்தது. புகை வந்தது. அதன் பிறகு எத்தனை தடவை போனேன் என்று எண்ணவில்லை. திடீரென்று முழு அறையும், நீண்டு வளைந்து, அந்த வெள்ளிக்குள் வந்து நின்றது. கையை எடுத்தேன்.

அவர் டிராயரைத் திறந்து பத்திரிகையை எடுத்தார். ஐந்து ஜோக்குகளையும், ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு நடந்துகொண்டே, ஓர் எழுத்து விடாமல் படித்தார். ஐந்தாவதைப் படித்து முடித்துச் சிரித்தபோது குரல் கொஞ்சம் உடைந்தது. நான் கவனிக்காத மாதிரி ஏர்பிரஷைக் கழுவப் போய்விட்டேன்.

துவைத்து மெத்தென்றாகிப்போன பழைய வேட்டித் துணியைக் குரோமில் படாமல் கூடாரம் போலக் கட்டி, டேங்கரை மொடெஸ்டோவுக்கு ஓட்டிக்கொண்டு போனோம். கண்ணாடிப் பெட்டிக்குள் இறக்கி, மூடியைப் போட்டுத் திருகாணி முடுக்கிய பிறகுதான் எனக்கு ஒழுங்காக மூச்சு வந்தது. வால்ட்டர் அந்த வாரமே லாயருக்குக் கடிதம் கொடுத்தார். அடுத்த வருடம் பள்ளி திறப்பதற்குள் தணிகாசலம் வீட்டில் மூன்று பேருக்கும் கார்டு வந்துவிட்டது. செல்வி கேசரி கிளறிக் கடைக்கே கொண்டுவந்து எல்லோருக்கும் கொடுத்தாள். ரசப்பொடி சரியாக வந்ததா என்று என்னைக் கேட்டாள். பிரமாதம் என்றேன்.

அன்று மாலைதான் பார்க்கிங்கில் வைத்து அவரைக் கேட்டேன். அதுவரை அந்தப் பேச்சை இருவருமே எடுத்ததில்லை.

"கிளவுஸ்லதான் இருக்குன்னு உங்களுக்கு வியாழக்கிழமையே தெரிஞ்சுபோச்சு. எனக்கு ஒரு போன் போட்டுத் திட்டியிருக்கலாமே தம்பி? செல்வி சாப்பிடாமக் காத்துக்கிட்டு இருந்தா. ஒரு கிளவுஸைத் துவைக்க அவ்வளவு நேரமா?"

அவர் கார்ச் சாவியை விரலில் சுற்றினார்.

"போன வருஷம் எங்க வீட்ல யாருமே எண்ணெய் தேச்சுக்கலக்கா. பேப்பர் டென்ஷன்ல தீபாவளியே மறந்துட்டோம். நீங்க லேகியம் குடுத்தப்பதான் அன்னைக்கு என்ன நாள்னே எனக்குத் தெரிஞ்சுது. வியாழக்கிழமை ஒவ்வொண்ணா மோந்து பாத்துக்கினே வந்தேன், கேன், துணி, பிரஷ்ஷு. உங்க கிளவுஸை எடுத்து மூக்குகிட்ட வெச்சேன்."

சாவியைச் சட்டைப் பையில் போட்டார்.

"துவைக்கறதுக்கு ரெண்டு நிமிஷம்தான்க்கா ஆச்சு. அதுக்கு முன்னாடி, அத மூஞ்சில வெச்சுக்கினு ரொம்ப நேரம் உக்காந்துட்டேன்."